தாத்தா காலத்து லெவர் ரைஃபிளும் ஈயக் குண்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலும் திண்டுக்கல், தேனிப் பக்கத்திலும் பழைய துப்பாக்கி வைத்திருக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. பெரும்பாலும் அது நாட்டுத் துப்பாக்கியாகவோ இரட்டைக் குழல் 12 போராகவோ (போர் என்பது குழலின் உள்ளளவைக் குறிக்கும் சொல்) இருக்கும். எப்போதாவது ஒரு லெவர் ரைஃபிளும் தலைகாட்டும். இன்னொரு பக்கம், இதே குடும்பங்களில் இருந்து அமெரிக்காவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போன பிள்ளைகள் அங்கே இதே ரக ரைஃபிளுக்கு ஈயக் குண்டு வார்த்து, தோட்டா கட்டி, ரேஞ்சில் சுட்டுப் பழகுகிறார்கள். துப்பாக்கியின் இயல்பு இரண்டு ஊரிலும் ஒன்றுதான், ஆனால் சட்டம் ஒன்றல்ல. இரு தரப்பும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். வெடிமருந்து எத்தனை கிரெய்ன் (மருந்தை நிறுக்கும் சிறிய எடை அலகு) போடுவது என்ற கணக்கு இதில் இல்லை. அது சட்டப்படி செய்கிறவர்கள் தங்கள் நாட்டில் அச்சிட்டு வரும் கையேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு பார்க்க வேண்டியது.

கீழே தோட்டா என்று வருவது பித்தளைக் கூடு, மருந்து, கேப்பு (கூட்டின் பின்புறத்தில் இருந்து, அடி பட்டதும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), குண்டு எல்லாம் சேர்ந்த முழுப் பொருள். குண்டு என்பது அதன் முனையில் இருக்கும் ஈயத் துண்டு மட்டும்.

எங்கள் வீட்டில் இருக்கும் ரைஃபிளில் விசைக்குக் கீழே வளையம் போல ஒரு இரும்பு இருக்கிறது. அது என்ன?

அதுதான் லெவர். அதைக் கீழே தள்ளினால் சுட்ட கூடு வெளியே விழும், குதிரை (விசையை அழுத்தினால் முன்னால் வந்து அடிக்கும் சுத்தி) பின்னால் சாய்ந்து நிற்கும். மேலே இழுத்தால் அடுத்த தோட்டா அறைக்குள் ஏறும். தோட்டாக்கள் குழலுக்கு அடியில் இன்னொரு மெல்லிய குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும்.

இந்த வகையில் அதிகம் பேசப்படுவது வின்செஸ்டர் கம்பெனியின் வரிசை. 1866 மாடலுக்கு உடம்பு மஞ்சள் உலோகம், அதனால் எட்ட இருந்தே தெரிந்துவிடும். 1873 மாடல் இரும்பில் வந்தது, ஏழு லட்சத்துக்கு மேல் செய்தார்கள். அப்புறம் ஜான் பிரௌனிங் வரைந்து கொடுத்த 1886, 1892, 1894 மாடல்கள். மார்லின் கம்பெனியும் இதே காலத்தில் நல்ல லெவர் ரைஃபிள்கள் செய்தது. மாடல் எண்ணும் தோட்டாவின் பெயரும் பெரும்பாலும் குழலின் மேலோ, குழல் உடம்போடு சேரும் இடத்திலோ, பின்பக்க நாக்கிலோ பொறித்திருக்கும். அதைப் படிக்க ஒரு டார்ச்சும் பூதக்கண்ணாடியும் போதும், உப்புத்தாள் வேண்டாம். எழுத்து தேய்ந்து போனால் அந்த ரைஃபிளின் பாதிச் சரித்திரம் போய்விடும்.

உள்ளே தோட்டா இருக்கிறதா என்று லெவரை இழுத்துப் பார்க்கலாமா?

பழக்கம் இல்லாதவர் செய்யவே கூடாது. குழாயில் ஒரே ஒரு தோட்டா தங்கியிருந்தாலும், லெவரை இறக்கி ஏற்றிய அந்த ஒரு அசைவில் அது அறைக்குள் போய்விடும், குதிரையும் சாய்ந்து நின்றுவிடும். இப்போது கையில் இருப்பது சுடத் தயாரான துப்பாக்கி. இந்தப் பழைய மாடல்களின் குதிரையை விரலால் மெதுவாக இறக்குவது பழகியவர்களுக்கே கவனம் தேவைப்படும் வேலை. 1873 போன்றவற்றில் பக்கவாட்டில் தள்ளும் சேஃப்டி பொத்தானும் கிடையாது.

குழல் வாய் ஆளில்லாத திசையைப் பார்க்கும்படி வையுங்கள். விசையைத் தொடாதீர்கள், பிள்ளைகளை அந்த அறைக்குள் விடாதீர்கள். லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடைக்காரர் ஒருவரை வரவழைத்து, அவர் கையால் காலி செய்து வாங்குங்கள். ஐம்பது வருஷம் பெட்டியில் கிடந்தது, இனி என்ன ஆகப்போகிறது என்று சொல்பவர்கள் உண்டு. கேப்புக்குள் இருக்கும் ரசாயனம் அத்தனை வருஷம் கழித்தும் வெடிக்கக்கூடியது.

44-40, 38-55, 30-30 என்றெல்லாம் போட்டிருக்கிறதே, இந்த எண்களுக்கு என்ன அர்த்தம்?

முதல் எண் குண்டின் தடிமனை அங்குலத்தில் நூறில் பங்காகச் சொல்வது. ஆனால் தோராயம்தான்: 44-40 தோட்டாவின் குண்டு உண்மையில் 0.427 அங்குலத்தை ஒட்டியது. இரண்டாவது எண் அந்தத் தோட்டாவில் முதலில் அடைத்த மருந்தின் எடை, கிரெய்ன் கணக்கில். 44-40 என்றால் 40 கிரெய்ன் கருமருந்து, அதாவது பழைய காலத்து வெடிமருந்து. அதன் முன்னால் 200 கிரெய்ன், அதாவது சுமார் 13 கிராம் எடையுள்ள ஈயக் குண்டு.

30-30 மட்டும் வேறு காலத்தது. 1895இல், கருமருந்துக்குப் பின் வந்த, அழுத்தம் கூடிய புகையில்லா மருந்தோடு வெளிவந்த தோட்டா அது. எண் போடும் பழக்கத்தில் இரண்டாவது 30ஐச் சேர்த்துவிட்டார்கள், ஆனால் அந்த 30 கிரெய்ன் புகையில்லா மருந்து. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும் பல பதில்கள் இதில்தான் நிற்கின்றன.

செம்பு உறை போட்ட குண்டு கடையிலேயே கிடைக்கும் நாடுகளில் ஏன் இன்னும் ஈயம் வார்த்துக்கொண்டிருக்கிறார்கள்?

அந்தக் குழல் ஈயத்துக்காகச் செய்யப்பட்டது என்பதுதான் காரணம். 1890களுக்கு முந்தைய குழல்கள் மென்மையான எஃகு. அதற்குள் திருகு போல ஓடும் மரைகளின் முகடுகள் மீது ஈயம் வழுக்கிக்கொண்டு போகும். செம்பு உறை அதை அராவிக்கொண்டு போகும். நூறு வருஷம் தாங்கிய மரை, உறைக் குண்டு தொடர்ந்து சுட்டால் சீக்கிரம் மழுங்கிவிடும்.

இன்னொன்று, ஈயத்துக்கு மட்டும் இருக்கும் ஒரு குணம். கருமருந்து எரியும்போது வரும் அழுத்தம் குண்டின் பின்புறத்தைச் சட்டென்று இடித்துத் தள்ளுகிறது. மென்மையான ஈயம் அந்த இடியில் லேசாக நசுங்கி, அகன்று, குழலை அடைத்துக்கொள்ளும். இதனால் குழல் கொஞ்சம் பெரிதாகத் தேய்ந்திருந்தாலும் குண்டு தானே சரிசெய்துகொண்டு மரையைப் பிடிக்கும். உறைக் குண்டு அப்படி வளைந்து கொடுக்காது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால், பழைய ரைஃபிள்காரர்கள் செய்யும் மற்ற எல்லாமே ஏன் என்று விளங்கிவிடும்.

குண்டு வார்ப்பதில் எது முக்கியம்: கலவையா, அச்சா, மருந்தா?

அளவு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தொழிற்சாலையில் 44-40க்கு 0.427 என்று எழுதியிருந்தாலும், அந்தக் காலத்துக் குழல்கள் ஒன்றுபோல ஒன்று இருக்காது. மரைப் பள்ளத்தின் விட்டம் ஒன்றில் இறுக்கமாக இருக்கும், இன்னொன்றில் 0.430ஐயும் தாண்டும். அதனால் வெளிநாட்டில் முறையாகச் செய்கிறவர்கள் முதலில் காலியான குழலுக்குள் எண்ணெய் தடவிய ஒரு மென்மையான ஈயத் துண்டைக் கட்டையால் தட்டித் தள்ளி, மறுபக்கம் எடுத்து மைக்ரோமீட்டரில் அளப்பார்கள். ஈயத்தில் மரையின் அச்சு அப்படியே பதிந்திருக்கும். பள்ளத்தின் விட்டத்தைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றோ இரண்டோ பங்கு கூடுதலாக இருக்கும் குண்டுதான் அந்தக் குழலுக்கு ஏற்றது.

குண்டு சிறியதாகிவிட்டால் என்ன ஆகும்? சூடான வாயு அதன் ஓரமாகப் பீறிட்டு முன்னால் ஓடும். ஓடும்போது ஈயத்தை உருக்கிக் குழலின் சுவரில் பூசிவிடும். நாலைந்து சுட்டதும் மரை அடைந்துபோய், குண்டு சுழலாமல் பக்கவாட்டில் புரண்டு போகும். இலக்குத் தாளில் வட்டமான ஓட்டைக்குப் பதில் சாவித்துவாரம் மாதிரி நீளக் கிழிசல் தெரிந்தால் இதுதான் நடந்திருக்கிறது. பலர் உடனே ஈயம் மெத்தென்று இருக்கிறது என்று நினைத்து இன்னும் கடினமான கலவைக்குப் போவார்கள். அதனால் நிலைமை இன்னும் மோசமாகும், ஏனென்றால் கடினமான குண்டு நசுங்கி அடைக்கவும் மாட்டாது.

அளவு பெரிதாகவும் ஒரு எல்லை உண்டு. தடித்த குண்டு வைத்த தோட்டா அறைக்குள் தங்கு தடையின்றி ஏற வேண்டும். ஏறுவதற்கு லெவரை அழுத்த வேண்டியிருந்தால் அந்தக் குண்டு அந்த ரைஃபிளுக்கு இல்லை.

தூய ஈயமா, கலவையா? பழைய அச்சகத்து ஈய எழுத்து நல்லது என்கிறார்களே?

ஈயம் 327 டிகிரியில் உருகும். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். ஈயத்தோடு கொஞ்சம் வெள்ளீயம் சேர்த்தால் உருகிய குழம்பு அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடி நிறையும், குண்டு கூர்மையான விளிம்போடு வரும். ஆன்டிமனி என்ற உலோகம் சேர்த்தால் கடினம் ஏறும்.

கடினத்தைப் பிரினெல் எண்ணில் சொல்வார்கள். தூய ஈயத்துக்கு 5 அளவில் இருக்கும். இருபது பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்தால் சுமார் 10. ஈயம் 90, வெள்ளீயம் 5, ஆன்டிமனி 5 என்ற கலவைக்கு 15. அச்சுக் கோர்க்கும் லைனோடைப் உலோகத்தில் ஆன்டிமனி 12 சதவீதமும் வெள்ளீயம் 4 சதவீதமும் இருக்கும், கடினம் 22ஐத் தொடும். கருமருந்து ரைஃபிளுக்கு இந்த வரிசையில் மென்மையான பக்கமே பொருத்தம், 10ஐ ஒட்டி. 30-30 போல வேகமான தோட்டாவுக்குக் கடினமான கலவையும், குண்டின் அடியில் ஒரு சிறிய செம்புத் தொப்பியும் தேவைப்படும்.

மதுரையிலும் சிவகாசியிலும் ஆஃப்செட் வந்தபோது அச்சகங்கள் ஈய எழுத்துகளை எடைக்குப் போட்டன. அது நல்ல கலவைதான், ஆனால் நேராக வார்த்தால் இந்த வேலைக்கு அளவுக்கு மீறிக் கடினம். தமிழ் எழுத்துகள் கோர்த்த பெட்டி ஒன்று உங்களிடம் இருந்தால் உருக்காமல் அப்படியே வைத்திருங்கள் என்பதே என் வேண்டுகோள். அந்த எழுத்து இனி யாரும் வார்க்கப்போவதில்லை.

கார்ச் சக்கரத்தில் ஒட்டும் எடைக் கட்டிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். இப்போது வருபவற்றில் பல துத்தநாகம் அல்லது இரும்பு. துத்தநாகம் 419 டிகிரியில் உருகும். அது ஈயப் பானையில் கலந்துவிட்டால் குழம்பு கஞ்சி போலக் கட்டிதட்டி, அந்தப் பானை ஈயம் முழுக்க வீண்.

குண்டின் மூக்கு ஏன் தட்டையாக இருக்கிறது?

குழாய்க்குள் ஒரு தோட்டாவின் மூக்கு அதற்கு முன்னால் இருக்கும் தோட்டாவின் கேப்பைத் தொட்டுக்கொண்டு படுத்திருக்கும். கூரான மூக்கு என்றால், சுடும்போது வரும் உதையில் அது ஊசி போலக் கேப்பைக் குத்தி, குழாய்க்குள்ளேயே தோட்டா வெடிக்கலாம். இடது கை அந்தக் குழாயின் மேல்தான் இருக்கும். அதனால் தட்டை மூக்கு மட்டும்தான்.

கருமருந்துக்குப் பதிலாகப் புகையில்லா மருந்து போட்டால் சுத்தமாக இருக்குமே?

சுத்தமாக இருக்கும். ரைஃபிள் உடைந்தும் போகலாம்.

கருமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் சேர்ந்தது. 75, 15, 10 என்ற விகிதம் நெடுங்காலமாக மாறவில்லை. திருவிழா அதிர்வேட்டின் வெள்ளைப் புகையும் கந்தக வாடையும் இதே குடும்பம். இதன் அழுத்தம் ஒரு எல்லைக்குள் இருக்கும். 1873 மாடலின் உள்ளே தோட்டாவின் பின்புறத்தைத் தாங்கிப் பிடிப்பது முழங்கால் மாதிரி மடங்கும் இரண்டு இணைப்புகள். அவை கருமருந்தின் தள்ளலைத் தாங்குவதற்கு மட்டும் செய்யப்பட்டவை. 1892இல் பிரௌனிங் வைத்த செங்குத்துப் பூட்டுக் கட்டைகள் எவ்வளவோ வலுவானவை. அதனால் பிற்காலத்தில் 1892 மாடலுக்கென்று வேகம் கூட்டிய 44-40 தோட்டாக்கள் வந்தன. பெயர் ஒன்று, அளவு ஒன்று, 1873இன் அறைக்குள் சிரமமில்லாமல் போகும். ஆனால் 1873இல் போடக் கூடாது.

எண்ணில் சொன்னால் இன்னும் தெளிவாகும். இன்றைய அமெரிக்கத் தர அளவுப்படி 44-40இன் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 11,000 பவுண்டு. 30-30க்கு 42,000 பவுண்டு. வெளியே பார்க்க இரண்டும் அண்ணன் தம்பி ரைஃபிள்கள், உள்ளே தாங்க வேண்டிய சுமை கிட்டத்தட்ட நான்கு மடங்கு.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கருமருந்து கூட்டை நிறைத்துவிடும், இரண்டு தடவை போட இடமே இருக்காது. புகையில்லா மருந்து கூட்டின் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும். கவனம் தவறி இரண்டாம் முறை ஊற்றினாலும் வெளியே தெரியாது. வெளிநாட்டில் பழைய ரைஃபிள்கள் வெடித்ததாகக் கேட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். அதே சமயம் கருமருந்துத் தோட்டாவில் மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காற்று இடைவெளி விடக் கூடாது, விட்டால் குழல் வீங்கலாம்.

ஆக, 1894க்கு முந்தைய ரைஃபிள் என்றால் கருமருந்துதான். அதற்குப் பிறகு செய்தது என்றால், துப்பாக்கி வேலை தெரிந்தவர் பூட்டையும் குழலையும் பார்த்துச் சொல்லும்வரை அதுவும் கருமருந்து ரைஃபிள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் மச்சான் டெக்சாஸில் வீட்டுக் கராஜிலேயே செய்கிறார். நான் திருமங்கலத்தில் செய்தால் என்ன?

குற்றம், அதுவும் சிறிய குற்றம் இல்லை.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, துப்பாக்கியோ தோட்டாவோ தயாரிக்க அதற்கென்று தனி உரிமம் வேண்டும் என்கிறது. உங்களிடம் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் இருக்கலாம். அது வைத்துக்கொள்ளவும், அதில் எழுதிய எண்ணிக்கையில் தோட்டா வாங்கவும்தான். தயாரிக்க அல்ல. 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமம் இல்லாமல் தயாரிப்பதற்குத் தண்டனை ஏழு ஆண்டுக்குக் குறையாத சிறை, ஆயுள் வரை நீளலாம். சட்டத்தில் தோட்டா என்பதற்கு உள்ள விளக்கம் துப்பாக்கிக்கான மருந்துச் சுமையையும் அதற்கான துணைப் பொருள்களையும் சேர்த்துத்தான் இருக்கிறது. எனவே மருந்து மட்டும், கேப்பு மட்டும் என்று பிரித்து வைத்துக்கொண்டு தப்பலாம் என்ற கணக்கு வேண்டாம். கருமருந்து வைத்திருப்பதற்கு வெடிபொருள் சட்டமும் தனியாக நிற்கிறது. சிவகாசி பக்கத்தில்தான் இருக்கிறது, தெரிந்தவர் கொடுப்பார் என்று யாராவது சொன்னால் அவரோடு பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா கட்டுவது பெரும்பாலான இடங்களில் சட்டபூர்வமான பொழுதுபோக்கு, அதற்கென்றே அச்சும் கருவியும் கையேடும் கடையில் விற்கிறார்கள். மச்சான் அங்கே செய்வது அவர் ஊரில் சரி. லீவுக்கு வரும்போது பெட்டியில் நாலு தோட்டாவையோ பித்தளைக் கூட்டையோ நினைவுக்காகக் கொண்டுவர வேண்டாம் என்று மட்டும் முன்கூட்டியே அவருக்குச் சொல்லிவிடுங்கள். விமான நிலைய ஸ்கேனரில் ஒரே ஒரு தோட்டா தெரிந்தாலும் பயணம் அங்கேயே நின்றுவிடும்.

நூறு வருஷப் பழசு என்றால் லைசென்ஸ் வேண்டாமாமே?

வயதை வைத்து மட்டும் அப்படி ஒரு விலக்கு கிடையாது. சட்டத்தின் 45ஆம் பிரிவு சொல்லும் விலக்கு, வழக்கொழிந்த வடிவமோ பழம்பொருள் மதிப்போ உள்ள, அல்லது பழுதான, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்தவே முடியாத ஆயுதத்துக்கு. கடைசியில் வரும் அந்த நிபந்தனையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நல்ல நிலையில் உள்ள 1873 ரைஃபிளுக்கு இன்றும் தோட்டா செய்யப்படுகிறது, அது இன்றும் சுடும். ஆகவே அதற்கு லைசென்ஸ் வேண்டும். பயன்படுத்த முடியாது என்று முடிவுசெய்வதும் நாமல்ல, அதிகாரிகள்தான். நாமே குழலில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றி அடைத்துவிட்டு இது பொம்மை என்று சொன்னால் ரைஃபிளும் பாழ், விலக்கும் கிடைக்காது.

அப்பா தவறிவிட்டார். லைசென்ஸ் அவர் பெயரில் இருக்கிறது. இப்போது என்ன செய்வது?

பதறவும் வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம். லைசென்ஸ்காரர் இறந்த நாளிலிருந்து அந்தத் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கும் உரிமை யாருக்கும் இல்லை. சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி அதைக் காலதாமதமின்றிக் காவல் நிலையத்திலோ, லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். காரியம், பதினாறாம் நாள், சொத்துப் பிரிவினை எல்லாம் முடியட்டும் என்று பீரோவிலேயே வைத்துவிடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. அப்படி ஓரிரு வருஷம் ஓடிவிட்டால் விளக்கம் சொல்வது கடினம்.

ஒப்படைத்த பிறகு வாரிசு தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்கலாம். 2016 ஆயுத விதிகள் வாரிசுகளுக்கென்று தனி வழி வைத்திருக்கின்றன. அப்பா உயிரோடு இருக்கும்போதே அவருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ அப்போதே மாற்றிக்கொள்ளவும் அந்த விதியில் இடம் உண்டு. பெரியவர் இருக்கும் வீடுகளில் இதைச் செய்துவிடுவது நல்லது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பழைய லைசென்ஸ் புத்தகம், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையில்லாக் கடிதம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். மாநகர எல்லைக்குள் இருப்பவர்கள் காவல் ஆணையர் அலுவலகத்திலும் விசாரித்துக்கொள்ளுங்கள். அக்கா தங்கைகளின் கையெழுத்தையும் விட்டுவிடாதீர்கள், அவர்களும் வாரிசுதான்.

2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. லைசென்ஸின் காலம் மூன்று வருஷத்திலிருந்து ஐந்து வருஷமானது. தேர்தல் அறிவிப்பு வந்தால் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள் என்பது லைசென்ஸ் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். அப்போது பழைய ரைஃபிளை மெல்லிய எண்ணெய் பூசி, பருத்தித் துணியில் சுற்றி, முன்னும் பின்னும் படம் எடுத்துக்கொண்டு கொடுங்கள்.

லைசென்ஸ் இருக்கிறது, பெட்டியில் பழைய தோட்டாவும் இருக்கிறது. ஒன்றைச் சுட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம். அந்தக் காலத்துக் கேப்புகளில் சிலவற்றில் பாதரசம் இருந்தது, அது பித்தளையை உள்ளே இருந்து நொறுங்க வைக்கும். வேறு சிலவற்றில் இருந்த குளோரேட் சுட்ட பிறகு உப்பாகக் குழலில் படிந்து ஈரத்தை இழுக்கும். கூடு பிளந்தால் வாயு பின்பக்கமாக, உங்கள் முகத்தை நோக்கி வரும். நம் ஊர் ஆயுதக் கடைகளில் வழக்கமாகக் கிடைப்பது 12 போர், .315, .32, .22 போன்றவை. அதில் அறைக்குள் நுழைவது எதையாவது போட்டுப் பார்க்கும் எண்ணம் வந்தால், நுழைவதும் பொருந்துவதும் வேறு வேறு என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய தோட்டாக்களைக் கடைக்காரர் வழியாகவோ காவல் நிலையம் வழியாகவோ ஒப்படைத்துவிடுங்கள். குப்பையில், கிணற்றில், அடுப்பில் எங்கும் போடக் கூடாது.

சுடும் ஆசை நியாயமானதுதான். அதற்கு ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து ஏர் ரைஃபிளிலும் .22இலும் பழகுங்கள். நிற்கும் விதம், மூச்சு, விசையை அழுத்தும் பக்குவம் எல்லாம் அங்கேதான் முறையாகக் கற்றுத்தருவார்கள்.

தோட்டத்தில் காட்டுப்பன்றித் தொல்லை. இதை வைத்து விரட்டலாமா?

கூடாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையிடம் மனு கொடுங்கள்.

ஈயத்தைக் கையாண்டால் உடம்புக்குக் கெடுதலா? எங்கள் பாட்டி ஈயச்சொம்பில்தானே ரசம் வைத்தார்?

ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் செய்வது. குண்டுக்குப் போவது காரீயம். இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு பயமில்லாமல் கைவைப்பவர்கள் இருக்கிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். உடம்பில் இவ்வளவு காரீயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல எந்த அளவும் கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் பாதிக்கும். கர்ப்பிணிகளுக்கும் ஆபத்து.

ஈயம் உருக்குபவர்கள் புகையைக் கண்டு பயப்படுவார்கள், தூசியை மறந்துவிடுவார்கள். உருகும் சூட்டை ஒட்டிய அளவில் ஈயம் ஆவியாவது குறைவு. மேலே திரளும் சாம்பல் நிறக் கசடுதான் காற்றில் பறந்து, விரலில் ஒட்டி, டீ குடிக்கும்போது வாய்க்குள் போகும். கேப்பு வெடித்த கரியிலும் ஈயம் உண்டு. எனவே சட்டப்படி செய்யும் நாட்டிலும் அது சமையலறை வேலை அல்ல. திறந்த வெளி, தனிச் சட்டை, தனிச் செருப்பு, முடிந்ததும் கையும் முகமும் கழுவுவது, சாப்பாட்டுப் பாத்திரம் எதையும் அதற்கு எடுக்காமல் இருப்பது, வருஷத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் ஈய அளவு பார்ப்பது. அப்புறம் தண்ணீர். உருகிய ஈயத்துக்குள் ஈரமான கட்டி ஒன்று விழுந்தால், அதிலிருக்கும் சொட்டு நீர் நொடியில் ஆவியாகிப் பானையில் இருப்பதை எல்லாம் மேலே தூக்கி அடிக்கும். நெற்றி வேர்வைக்கும் அந்தப் பானைக்கும் தூரம் இருக்க வேண்டும்.

இங்கே மதுரையில் பழைய பேட்டரி உடைத்து ஈயம் எடுக்கும் வேலை வீட்டு முற்றங்களில் நடந்தால் அதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அங்கே அமிலமும் கூடச் சேர்ந்துகொள்கிறது.

சுடப்போவதில்லை. நல்லபடியாக வைத்திருக்க என்ன செய்ய வேண்டும்?

முதல் வேலை, எதையும் பளபளப்பாக்காமல் இருப்பது. குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்க்கும் கை, 1866இன் மஞ்சள் உடம்பையும் தேய்த்துவிடும். எலுமிச்சை, புளி, பாலிஷ் எதுவும் வேண்டாம். அந்தக் கருத்த நிறம்தான் அதன் வயதுக்குச் சாட்சி, மதிப்பும் அதில்தான் இருக்கிறது. கட்டையில் வார்னிஷ் அடிப்பதும் அப்படியே.

தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் நாளாவட்டத்தில் பிசின் போல இறுகி உள் பாகங்களைப் பிடித்துக்கொள்ளும். துப்பாக்கிக்கென்று விற்கும் மெல்லிய எண்ணெயை ஒரு துணியில் தொட்டு இரும்பில் மட்டும் பூசுங்கள். வெறும் கையால் தொட்ட இடங்களில் வேர்வை உப்பு தங்கும், அதனால் எடுத்துப் பார்த்த பிறகு ஒருமுறை துடைத்துவிட வேண்டும். மதுரையில் பெரும்பாலான மாதங்கள் வறட்சிதான், ஐப்பசி கார்த்திகை மழையில்தான் துரு ஏறும். கொடைக்கானல் வீடுகளில் வருஷம் முழுக்கக் கவனம் வேண்டும். தோல் உறைக்குள் மூடி வைக்கவே வேண்டாம், தோல் ஈரத்தைப் பிடித்து இரும்புக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

பழைய குழலில் கருமருந்துக் கரி தங்கியிருந்தால் எண்ணெய் அதைக் கரைக்காது. தண்ணீரில்தான் கரையும். சோப்பு கலந்த சூடான நீரால் சுத்தம் செய்து, முழுக்க உலர்த்தி, உடனே எண்ணெய் இட வேண்டும். இதையும் கழற்றத் தெரிந்தவர் செய்வதே நல்லது. அந்த ரைஃபிளின் திருகு ஒன்று தலை உடைந்தால் அதே மரையில் இன்னொன்று கிடைப்பது லேசில்லை.

மச்சானுக்கே அமெரிக்காவுக்கு அனுப்பிவிடலாமா? அவர் அதற்குக் குண்டு வார்த்துச் சுடுவாரே?

ஆசை புரிகிறது. ஆனால் நூறு வருஷம் கடந்த பொருள் 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டத்தின் கீழ் வந்துவிடும், தனி ஆள் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. ஆயுத ஏற்றுமதிக்கான உரிமம் வேறு தனியாக இருக்கிறது. அங்கே அவருக்கு அதே மாடல் ரைஃபிள் கடையிலேயே கிடைக்கும், புதிதாகச் செய்த நகல்களும் கிடைக்கும். குடும்பத்து ரைஃபிள் இங்கேயே இருக்கட்டும். அதன் மாடல் எண், பொறித்த எழுத்துகள், லைசென்ஸ் புத்தகத்தின் பழைய பக்கங்கள் ஆகியவற்றைப் படம் எடுத்து அவருக்கு அனுப்புங்கள். வரிசை எண்ணை வைத்து அது எந்த வருஷம் செய்யப்பட்டது என்று அங்கே பட்டியல்களில் பார்த்துச் சொல்ல அவரால் முடியும். எண்ணைப் படிக்கும்போது 3க்கும் 8க்கும் குழப்பம் வந்தால் பக்கவாட்டு வெளிச்சத்தில் இன்னொரு படம் எடுங்கள்.